நாற்பதில் வேலை மாறுவதா? முதலில் ஒரு புதன்கிழமையை எழுதிப் பாருங்கள்

நாற்பது வயதை ஒட்டி வேறு வேலைக்கு அழைப்பு வந்தால் எல்லோரும் கேட்பது, "சம்பளம் எவ்வளவு கூடும்?" தேவையான கேள்விதான். ஆனால் அதை இரண்டாவதாகக் கேளுங்கள். மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நீண்டகாலம் வேலை செய்தேன். கொழும்பில் ஒரு முகாமையாளர் பதவியும் எங்களுக்குப் பக்கத்தில் உள்ள கல்முனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர் பதவியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைத்தன. "கொழும்பை விட்டுவிடாதே" என்று சொல்லாதவர் இல்லை. நான் கல்முனைக்குப் போனேன். இப்போது தெரிந்த தம்பி தங்கைகள் இதே குழப்பத்தோடு வரும்போது அவர்களுக்கு என்ன சொல்கிறேனோ, அதையே இங்கே எழுதுகிறேன்.

கட்டம் போட்ட கொப்பி ஒன்றை எடுங்கள். புதிய வேலையில் சேர்ந்து மூன்று மாதம் கழிந்தபின் வரும் ஒரு சாதாரண புதன்கிழமையை, காலை 4.30 முதல் இரவு 10 வரை, அரை மணிக்கு ஒரு கட்டமாக நிரப்புங்கள். உங்கள் ஒருவருக்கு மட்டும் எழுதினால் பயன் இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நிரல் வேண்டும்.

என் தாளில் ஐந்து நிரல்கள் இருந்தன: நான், கணவர், மகள், மகன், மாமி. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ரியூசன் முடிய ஆறரை மணியாகும். ஒழுங்கையில் விளக்குக் கிடையாது, யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். மாமிக்கு நீரிழிவு. இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஏழு மணிக்கு, இன்சுலின் போட வேண்டும். பார்வை மங்கிவிட்டதால் சிரிஞ்சில் உள்ள கோடுகள் அவருக்குத் தெரியாது. கணவருக்கு மண்டூர்ப் பக்கம் வயல். வேலை நாட்களில் மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி அவர் வீடு வந்து சேர இருட்டிவிடும். மகன் சின்னவன். கொழும்பு வேலையை வைத்து எழுதியபோது ஆறரைக் கட்டமும் ஏழு மணிக் கட்டமும் யார் பெயரும் இல்லாமல் வெறுமையாக நின்றன. கல்முனை வேலையை வைத்து எழுதியபோது இரண்டிலும் என் பெயரை எழுத முடிந்தது.

வெறுங்கட்டம் வந்துவிட்டது என்பதற்காக வேலையை உடனே மறுக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப ஆள் உண்டா, அந்த ஆள் சம்மதித்தாரா, அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். "மச்சாள் பார்த்துக்கொள்வாள்" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதாதீர்கள். வீட்டுப் பெண்களின் நேரத்துக்கு விலையே இல்லை என்பதுபோல் நடந்துகொள்வதை நாம் வழக்கமாக்கி வைத்திருக்கிறோம். இந்த வழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

புதன்கிழமை முடிந்ததும் ஆண்டைப் பாருங்கள். வயல் உள்ள குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். பெரும்போக விதைப்பு ஐப்பசி மழையோடு தொடங்கும். தையிலிருந்து பங்குனி வரை அறுவடை. டிசம்பரில் நிதியாண்டு முடியும் நிறுவனம் என்றால் கணக்கு வேலை உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான். மார்ச்சில் முடியும் நிறுவனத்தில் அந்த நெருக்கடி அறுவடைக்குப் பிறகு வரும். அதனால் நேர்முகப் பரீட்சையில் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் நிதியாண்டு எப்போது முடிகிறது?" என்பதுதான். மாரி காலத்தில் வீதியை வெள்ளம் மூடினால் வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவார்களா, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு லீவு கிடைக்குமா என்பதையும் கேட்டேன். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனிப் பணம். ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கே 90,000 ரூபாய், கொழும்பில் 150,000. வித்தியாசம் 60,000 என்று மனம் துள்ளும். போர்டிங்குக்கு 20,000, கடைச் சாப்பாட்டுக்கு 20,000, ஊருக்கு வந்துபோக 8,000 என்று கழித்தால் 12,000 மிஞ்சும். மாமிக்கு ஊசி போடவும் மகளைக் கூட்டிவரவும் ஓர் ஆளை வைத்தால் அதுவும் போய்விடும். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி விடிய இறங்கி, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ் ஏறுகிறவருக்குச் சொந்தக் கட்டிலில் கிடைப்பது ஒரேயொரு இரவு. அந்தக் களைப்புக்கு என்ன விலை போடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனத்திடமிருந்து 3 வீதமும் போகின்றன. அடிப்படையைச் சிறிதாக்கி, பயணப்படி, தொலைபேசிப்படி என்று நிரப்பியிருந்தால் கையில் வருவது பெரிதாகத் தெரியும். ஓய்வுகாலத்துக்குச் சேர்வது மெலிந்துவிடும்.

தேதிகளைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. கடைசிச் சம்பளம் 80,000, சேவை 12 ஆண்டு என்றால் 480,000 ரூபாய். நான்கு ஆண்டு ஒன்பது மாதத்தில் விலகினால் சட்டப்படி எதையும் கேட்க முடியாது. அந்த மூன்று மாதத்தைப் பொறுத்துக்கொள்ளப் புதிய இடத்தில் அவகாசம் கேளுங்கள்.

சேரும் தேதியும் அப்படியே. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் சேர்ந்த ஆண்டில் வருடாந்த விடுமுறை கிடையாது. அடுத்த ஆண்டில் கிடைப்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டம்பர் வரை 7, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை 4. ஒக்டோபரில் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு முழுவதற்கும் வருடாந்த விடுமுறை அந்த நான்கு நாட்கள்தான். பிள்ளைக்குப் பரீட்சை வரும் ஆண்டு என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வேலை நேரத்தைத் தாளில் மட்டும் நம்பாதீர்கள். சட்டம் சொல்வது நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக. உண்மையில் எப்போது விடுகிறார்கள் என்று அறிய, ஒரு வேலைநாளில் ஐந்தரை மணிக்கு அந்த அலுவலகத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்காருங்கள். யார் யார் வெளியே வருகிறார்கள், எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். வாசலில் நிற்கும் காவலாளி ஐயாவிடம், "கடைசி ஆள் எத்தனை மணிக்குப் போவார்?" என்று மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார். காலையில் நீங்கள் போக வேண்டிய அதே பஸ்ஸில் ஒரு நாள் போயும் பாருங்கள்.

பேச வேண்டியதைச் சேர்வதற்கு முன் பேசிவிடுங்கள். நான் சொன்னது இதுதான்: "மாத முடிவில் மூன்று நாட்கள் எவ்வளவு பிந்தினாலும் நிற்பேன். மற்ற நாட்களில் ஐந்து மணிக்குப் புறப்படுவேன். இதை நியமனக் கடிதத்தில் எழுதித் தர முடியுமா?" சற்று யோசித்தார்கள், எழுதித் தந்தார்கள். மறுத்திருந்தால், சேர்ந்தபின் என்ன நடக்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

வீட்டுக்காக எந்த வேலையையும் தட்டிக் கழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் முடிந்து ஒப்பந்தம் நீடிக்காது என்று தெரிந்தவருக்கும், கடன் கழுத்தை நெரிக்கிறவருக்கும், இப்போதைய இடத்தில் மானம் போகிறவருக்கும் கொழும்பே சரியாக இருக்கலாம். அவர்களும் அந்தப் புதன்கிழமையை எழுதட்டும். வெறுங்கட்டங்களை மூட ஆளும் பணமும் ஏற்பாடு செய்துகொண்டு போகட்டும்.

முடிவு செய்தபின், கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கையில் வரும்வரை விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். விலகும்போது சேவைச் சான்றிதழ் வாங்குங்கள். பணிக்கொடையை 30 நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். நம்பிக்கை நிதியப் பணத்தை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஒரு முறை எடுத்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது. ஆகவே அவசரத் தேவை இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவையுங்கள்.