முகவரியில் தமிழ் ஊர்ப்பெயரைப் பொருத்திப் பார்க்கும் முறை

தண்டையார்பேட்டை மாணவர்கள் சிலர் தாங்கள் திரட்டிய தெருக்குறிப்புகளை, தமிழ் விக்கிப்பீடியாவில் வடசென்னைப் பகுதிகளைப் பற்றிய பக்கங்களின் ஓரத்தில் மட்டும் காட்டும் ஒரு சிறு நிரலை, உலாவியில் நம் சொந்த நிரல்களை இயக்க உதவும் நீட்சியான டாம்பர்மங்கியில் எழுத விரும்புகிறார்கள் என்று கொள்வோம். எந்த முகவரியில் நிரல் இயங்க வேண்டும் என்பதை உலாவிக்குப் பிழையின்றிச் சொல்வதே இதில் கடினமான பகுதி.

நிரல் இயங்க வேண்டிய முகவரியைக் குறிக்க அதன் தலைப்பில் உள்ள ‘மேட்ச்’ (@match) வரியைத் தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, ஊர்ப்பெயரை நிரலுக்குள் சரிபார்ப்பதே நல்லது. ‘மேட்ச்’ வரி நெறிமுறை, தளப்பெயர், பாதை என்னும் மூன்று பகுதிகளையும் தனித்தனியே ஒப்பிடுவதால், விக்கிப்பீடியாவின் பெயரைக் கேள்விக்குறிக்குப் பின் சுமந்து வரும் வேறொரு தளத்தில் நிரல் தவறி இயங்காது. அதே வேலைக்கான ‘இன்க்ளூட்’ (@include) வரியில், எந்த எழுத்துக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியை இருபுறமும் இட்டு எழுதினால் இந்தக் காவல் போய்விடும். ஆகவே அதைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்து, முகவரிப் பட்டையில் கண்ணுக்குத் தெரிவதும் நிரலின் கைக்கு வருவதும் ஒன்றல்ல. ‘திருவொற்றியூர்’ நம் கணக்கில் 7 எழுத்து. எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கும் முறையான யூனிகோடில் கொம்பு, புள்ளி முதலியவை தனிக் குறியெண் பெறுவதால் அது 14 குறியெண்ணாகிறது. ஒவ்வொன்றும் 3 பைட்டாகவும், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 வரியுருவாகவும் எழுதப்படுவதால், பாதையில் அப்பெயர் 126 வரியுருக்களாக நிற்கும். எனவே பாதையின் கடைசிப் பகுதியைப் பிரித்தெடுத்து, ‘டிகோட்யூஆர்ஐகம்போனன்ட்’ கொண்டு தமிழுக்கு மீட்ட பிறகே ஒப்பிட வேண்டும். விழுக்காட்டுக் குறி தவறான இடத்தில் வரும் முகவரியில் இச்செயற்கூறு பிழை எழுப்பி நிரலையே நிறுத்திவிடும் என்பதால், அதைப் பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் ‘டிரை–கேட்ச்’ அமைப்புக்குள் வைக்க வேண்டும்.

மீட்ட பெயரை, சொல்லின் வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனால் சோதிக்கலாம்:

^(?:திருவொற்றியூர்|தண்டையார்பேட்டை|இ?ராயபுரம்|எண்ணூர்|புழல்)$

தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள குறிகளை விட்டுவிடக் கூடாது. விட்டால் ‘புழல்’ என்னும் சொல் ‘புழல்_ஏரி’ பக்கத்துக்கும் பொருந்தி, ஊருக்கான குறிப்பு ஏரியின் பக்கத்தில் போய் நிற்கும். சொல்லெல்லையைக் குறிக்கும் ‘பி’ (\b) குறி இங்கே உதவாது. நிரலை எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணுகிறது.

‘இ’ ஒரே குறியெண் என்பதால் அதன் பின்னுள்ள கேள்விக்குறி முழு எழுத்தையும் விருப்பத்துக்குரியதாக்கி, ராயபுரம், இராயபுரம் என்ற இரு வழக்குகளையும் ஏற்கிறது. ‘ர்’ போன்ற எழுத்தின் பின் அதே குறியை இட்டால் புள்ளி மட்டுமே விருப்பத்துக்குரியதாகும், ‘ர’ கட்டாயமாகவே இருக்கும். முழு எழுத்தையும் உட்படுத்த அதை அடைப்புக்குள் வைக்க வேண்டும்.

பலரும் கவனியாமல் விடும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘வொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு அவை வெவ்வேறு சொற்கள். திருவொற்றியூருக்கும் கொருக்குப்பேட்டைக்கும் இந்தச் சிக்கல் உண்டு, எண்ணூருக்கு இல்லை. விக்கிப்பீடியா தன் தலைப்புகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். எல்லாத் தளங்களும் அப்படிச் செய்வதில்லை. ஆதலால் மீட்ட பெயரின் மீது இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் ‘நார்மலைஸ்’ செயற்கூற்றை இயக்கிவிட்டு ஒப்பிடுவதோடு, நாம் எழுதும் பட்டியலும் அதே வடிவில் தட்டச்சாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறோர் இடத்திலிருந்து படியெடுத்து ஒட்டிய பெயர் பொருந்தாமல் போனால், அதன் நீளத்தை உலாவியின் கட்டளைப் பலகமான கன்சோலில் கேட்டுப் பாருங்கள்: திருவொற்றியூருக்கு 14 வராமல் 15 வந்தால், ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.