வீட்டில் டிடிசிஎஸ் செய்வது எப்படி? பஞ்சை நனைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்கு மனச்சோர்வு. மாத்திரையோடு டிடிசிஎஸ் கருவியும் போடலாம் என்றார் ஈப்போ நிபுணர். நெற்றி வழியாக 2 மில்லியாம்பியர் மின்சாரம் செலுத்தி மூளையின் முன்பகுதியைத் தூண்டும் கருவி அது. தினமும் பொருத்திவிடுவது நான்தான்.

முதலில் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி, நிபுணரைப் பார்க்கக் கடிதம் வாங்குங்கள். வலிப்பு, தலைக்குள் உலோகம், பேஸ்மேக்கர், இருமுனை நோய் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே மலேசியாவின் மனநல உதவி எண் 15555க்கு அழையுங்கள். அழைப்பு கிடைக்காவிட்டால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கருவி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 9 வோல்ட் பேட்டரியில் சொந்தமாகச் செய்வதைத் தொடவே தொடாதீர்கள். தோல் ஈரமாக ஆக மின்தடை மாறும். நல்ல கருவி அதை அளந்து மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கும், மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கும். வெறும் பேட்டரிக்கு அது தெரியாது.

இனி பஞ்சு, அதாவது கருவியின் இரண்டு முனைகளுக்கும் நெற்றித் தோலுக்கும் நடுவே வைப்பது. குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைக்க வேண்டாம், ஃபார்மசியில் 0.9 சதவீத சலைன் கேளுங்கள். நனைத்த பஞ்சைத் தூக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது, தொட்டால் விரல் நனைய வேண்டும். சொட்டினால் நீர் நெற்றியில் வழிந்து இரண்டு பஞ்சுகளையும் இணைத்துவிடும். மின்சாரம் உள்ளே போகாமல் தோல் மேலேயே ஓடிவிடும். காய்ந்தால் இன்னும் மோசம், ஒரே புள்ளியில் குவிந்து தோலைச் சுடும். நம் வெயிலுக்குக் காற்றாடி போடாமல் முடியாது, ஆனால் அதற்கு நேரே உட்கார்ந்தால் பஞ்சு சீக்கிரம் காய்கிறது. ஊசி போடாத சிரிஞ்சில் சலைன் வைத்திருந்து, அக்காவுக்கு எரிகிறது என்றால் சில சொட்டு விடுகிறேன்.

நேர்முனை இடப்பக்கம், எதிர்முனை வலப்பக்கம். மாற்றிவிடாதீர்கள்.

எவ்வளவு நாள்? 2024இல் வெளிவந்த ஆய்வில் 174 பேர் வீட்டிலேயே 10 வாரம் செய்தார்கள்: அரைமணி நேரம், முதல் 3 வாரம் வாரத்துக்கு 5 முறை, பிறகு 3 முறை. உண்மைக் கருவி போட்டவர்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. ஒப்பிடுவதற்காக, மூளையைத் தூண்டாத போலிக் கருவி போட்டவர்களில் 22 சதவீதம். அதே ஆண்டு பிரேசில் ஆய்வில் போலிக் கருவியைவிடப் பலன் கூடுதலாகத் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா மறுபடி வாசலில் உட்கார்ந்து பேசுகிறாள். மாத்திரையா கருவியா என்று பிரிக்கவும் முடியாது.

பிறகு சேர்த்தது: "கருவி 'தொடர்பு இல்லை' என்றே காட்டுகிறது" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். முடியிலிருந்து நெற்றிக்கு இறங்கும் எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கும். திருநீறு, சந்தனம், ஒட்டுப் பொட்டின் பசையும் அப்படித்தான். சோப்புப் போட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். சாமி கும்பிடுவதை அரைமணி தள்ளி வையுங்கள். கழற்றியதும் சிவந்திருந்தால் தானாக மறையும். கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.