முதலில் ஒரு 'போன்சூர்': மொரீஷியஸுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்ர் போர்ன் ஊரின் சந்தைக்குப் பக்கத்தில் என் சித்தி தால் பூரி விற்கிறார். காலையில் கடை திறந்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும், அவசரமாக வேலைக்கு ஓடுகிறவர்கூட, முதலில் 'போன்சூர்' (பிரெஞ்சில் வணக்கம்) சொல்லிவிட்டுத்தான் ஒரு ஜோடி கேட்பார்கள் (இங்கே தால் பூரி ஒன்றாக விற்பதில்லை, எப்போதும் ஜோடிதான்). வெளியூரிலிருந்து வந்தவரை எப்படி அடையாளம் தெரியும் என்றால், அவர் 'எவ்வளவு?' என்று ஆரம்பிப்பார். அல்லது எதுவுமே கேட்காமல் சித்தியின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிப் படம் எடுப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் இந்தத் தீவில் வணக்கம் சொல்லாமல் பேச ஆரம்பிப்பது எதிரில் இருப்பவரை மனிதராகவே கணக்கில் எடுக்காதது போல. இங்கே வருபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து முளைப்பவைதான்.

2019இல் சுமார் 13.8 லட்சம் பயணிகள் வந்தார்கள், நாங்களோ மொத்தமே 12.6 லட்சம் பேர்தான். அதாவது ஒரே வருடத்தில் எங்களைவிட அதிகமானவர்கள் எங்கள் தெருக்களில் நடந்துபோகிறார்கள். அதில் நிறையப் பேர் எங்களைக் கடல், மலை, கரும்புத்தோட்டம் மாதிரி காட்சியின் ஒரு பகுதியாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். படம் எடுக்க ஆசையா? 'மோ கப்பவ் பிரான் என் ஃபோத்தோ?' என்று கேளுங்கள். பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் 'ஒரு படம் எடுக்கலாமா?' என்று அர்த்தம். உச்சரிப்பு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், வேண்டாம் என்றால் போனைப் பையில் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்ததைத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் நம் ஆட்களுக்கென்றே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. எங்கள் பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும், 'நீங்க தமிழா!' அடுத்த நொடியே, 'தமிழ் தெரியாதா? அப்புறம் என்ன தமிழர்?' சிலர் பெயரையே விட்டுவைப்பதில்லை. முருகன் எப்படி மூரூகென் ஆனார், ஏன் இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். கெடுத்தது நாங்கள் இல்லை. காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறைப்படி எழுதிவைத்த எழுத்தர்களின் வேலை அது, அந்தப் பெயரோடு நாங்கள் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்துவிட்டோம்.

1730களிலேயே பாண்டிச்சேரியிலிருந்து கல்தச்சர்களும் தச்சர்களும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள், போர்ட் லூயி துறைமுகம் எழுந்ததில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக்கு வந்தவர்கள் வேறு. வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, அலுவலகத் தாளில் ஆங்கிலம் என்று ஆன ஊரில் பேச்சுத் தமிழ் தேய்ந்தது உண்மைதான். ஆனால் என் அண்ணன் ரோமன் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தேவாரம் பாடுவார். பாதிக்கு அர்த்தம் தெரியாது, ஒரு வரி விடமாட்டார். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் போட்டபோது இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. அதற்காகத் தெருவில் இறங்கியவர்களில் பலருக்குத் தமிழில் நாலு வாக்கியம் பேச வராது. அவர்களிடம் போய் நீங்கள் தமிழரா என்று பரீட்சை வைக்காதீர்கள். 'உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், எந்தக் கோவிலுக்குப் போவீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, நாங்கள் 'காவடி' என்றுதான் சொல்வோம். கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம், வீட்டில் மாமிசம் கிடையாது. அது இங்கே கொளுத்தும் கோடைக்காலம். ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு, சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, பால் திரியக்கூடாதே என்ற ஒரே நினைப்போடு நடந்துவருகிறவரின் முன்னால் குறுக்கே புகுந்து, முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் கேமராவை நீட்டுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஒரு வருடம் ஒருவர் வேல் குத்திய கன்னத்தைத் தொட்டே பார்த்துவிட்டார். காவடி எடுத்தவர் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாத நிலை, பக்கத்தில் நடந்த அவர் அம்மாதான் அழுதார். பார்க்க வாருங்கள், தாராளமாக வாருங்கள், நாங்கள் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் ஓரமாக நின்று பாருங்கள், அவர்களோடு நடக்க விரும்பினால் அன்றைக்குக் காலையிலாவது சைவமாக இருங்கள், செருப்பைக் கழற்றிவிடுங்கள். நீச்சல் உடை மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடற்கரையிலிருந்து கோவிலுக்குள் வருவது, நாங்கள் புனிதமாக நினைக்கும் கிரான் பாசேன் ஏரிக்கரைக்கும் அப்படியே போவது, இதெல்லாம் வேண்டாம். மேலாடை இல்லாமல் வெயில் காய்வது பொதுக் கடற்கரையிலும் கூடாது.

கடற்கரை என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது. ஞாயிறன்று பிளிக் ஆன் பிளாக், மோன் ஷுவாசி பக்கம் போனால் சவுக்கு மரத்தடியில் முழுக்க எங்கள் குடும்பங்கள்தான்: பெரிய சட்டியில் பிரியாணி, பாட்டி நாற்காலியில், சின்னதுகள் தண்ணீரில், யாராவது ரவான் என்ற தோல் பறையைத் தட்டி எங்கள் தீவின் செகா பாட்டு பாடுவார்கள். வாரம் முழுக்க ஹோட்டலில் படுக்கை விரிக்கிற பெண்ணுக்கு அது ஒன்றுதான் கிடைத்த நாள். சில விருந்தினர்கள் சத்தமாக இருக்கிறது என்று ஹோட்டலில் புகார் சொல்ல, காவலாளி வந்து குடும்பத்தை நகரச் சொல்வது நடந்திருக்கிறது, எங்களுக்கே நடந்தது. தெரிந்துகொள்ளுங்கள்: அலை ஏறும் கோடு வரை மணல் பொதுமக்களுடையது, அதற்கு மேலே 81 மீட்டர் சொச்சம் அகலத்துக்கு அரசு நிலம், ஹோட்டல்கள் அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. சாய்வு நாற்காலிக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள், கடலுக்கு இல்லை. புகார் சொல்வதைவிட, போய் ஒரு 'போன்சூர்' சொன்னால் ஒரு தட்டு பிரியாணி நிச்சயம் கைக்கு வரும்.

தண்ணீருக்குள்ளும் இதே கதைதான். தமரின் விரிகுடாவுக்குக் காலையில் வரும் டால்பின்கள் இரவெல்லாம் வேட்டையாடிவிட்டு ஓய்வெடுக்க வருபவை. அவற்றைப் படகுகள் சுற்றிவளைக்க, நடுவில் ஆட்கள் குதிக்கிறார்கள். படகுக்காரரிடம் கிட்டே போகச் சொல்லி நச்சரிக்காதீர்கள், பயணி கேட்பதால்தான் அவர் போகிறார். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், நட்சத்திர மீனைப் படத்துக்காகத் தண்ணீரிலிருந்து தூக்காதீர்கள், சங்கும் பவளத்துண்டும் பெட்டியில் போகக்கூடாது. எங்களுக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், 2020 ஜூலை 25இல் வகாஷியோ கப்பல் புவந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி, ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் காயலில் கொட்டியபோது, துணியில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து, நீளநீளமாகத் தடுப்பு செய்து கடலில் இறக்கியவர்கள் சாதாரண ஜனங்கள். என் சித்தியும் தைத்தார்.

லெ மோர்ன் மலையையும் போர்ட் லூயியில் இருக்கும் 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய இறங்குதுறையையும் வெறும் படப்பின்னணியாக ஆக்காதீர்கள். ஒன்று அடிமைகள் தப்பி ஒளிந்த இடம். இன்னொன்று எங்கள் பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய 16 படிகள். அந்தப் படியில் குதித்துக் குதித்து வீடியோ எடுப்பதைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஐரோப்பிய விருந்தினருக்கு ஒரு குனிவு, இந்திய விருந்தினருக்கு ஒரு அலட்சியம் என்று நடக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன், அது வெட்கம். டாக்ஸியில் மீட்டர் இருந்தாலும் பெரும்பாலும் போடுவதில்லை, ஆளைப் பார்த்து விலை சொல்பவர்கள் உண்டு. அதனால் ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள், பிறகு இறங்கும்போது தகராறு வேண்டாம். டாக்ஸி ஓட்டும் நம் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: உள்ளூர்க்காரருக்குச் சொல்லும் விலையை வெளியூர்க்காரருக்கும் சொல்லுங்கள், நம்மைப் பற்றி அவர்கள் ஊரில் போய்ச் சொல்லப்போவது அந்த ஒரு சவாரியைத்தான்.

காவடி முடிந்ததும் கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள். தெரியாதவராக இருந்தாலும் உட்காரச் சொல்வார்கள். மறுக்காதீர்கள், கையால் சாப்பிடுங்கள், பரிமாறும் அக்காவிடம் 'மெர்சி' (நன்றி) சொல்லுங்கள். சாப்பிட்டு எழுந்ததும் அவர் கையில் காசை மட்டும் திணிக்காதீர்கள், முகம் சுருங்கிவிடும். கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், உண்டியல் உள்ளே சாமிக்கு முன்னால் இருக்கிறது.