மேல்வீட்டுப் பிள்ளையை எந்த எழுத்தில் தேடுவது?

கீழக்கரையில் எங்கள் ராத்தாவிடம் (அக்காவிடம்) ஆசியா உம்மாவைப் பற்றிக் கேட்டால், "யாரு?" என்பாள். மேல்வீட்டுப் பிள்ளை என்றால் நிமிர்ந்து உட்காருவாள். மாடியிலேயே தியானத்தில் இருந்த சூஃபிப் புலவருக்கு ஊர் வைத்த பெயர் அது. ஆகவே, கலைக்களஞ்சியத்தைத் தொடும் முன் ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: செய்யிது ஆசியா உம்மா, சையிது, ஸையிது, ஆஸியா, உம்மாள். ஒவ்வொன்றும் வேறு எழுத்து, வேறு பக்கம்.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தில் 'ஆசியா' என்றால் கண்டம்தான். எடுக்க வேண்டியது எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம். அவர் நம் தொண்டிக்காரர். இந்தக் கரையோர ஊர்களை அறிந்தவர். அங்கும் நாலு வரிதான் கிடைத்தது என்றால் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் பதிவுக்குள்தான் ஒளிந்திருப்பார்கள். ஆசியா உம்மாவின் குரு கல்வத்து நாயகம். அந்தக் குருவின் தந்தை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). இருவரையும் முழுக்கப் படியுங்கள். 'கல்வத்து' என்றாலே தனித்திருத்தல். குருவும் பட்டப்பெயரில்தான் இருக்கிறார், அதனால் செய்யிது அப்துல் காதிர் என்றும் தேட வேண்டும். 'முரீது', அதாவது சீடர், என்ற சொல் வரும் இடங்களில் விரலை வைத்து நிதானமாகப் படியுங்கள்.

வருடம்தான் என்னை ஏமாற்றியது. இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் 1300-உடன், அது தொடங்கிய கி.பி. 622-ஐ அப்படியே கூட்டி 1922 என்று எழுதினேன். கடைசியில் பார்த்தால், ஒருவர் தம் ஆசிரியர் இறந்து பல வருடம் கழித்து அவரிடமே பாடம் கேட்டதாக ஆகிவிட்டது! ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்தான். 1300-ல் நூற்றுக்கு மூன்று வீதம் 39-ஐக் கழித்துவிட்டு 622-ஐக் கூட்டினால் 1883 வரும். உண்மையில் அந்த ஆண்டு 1882 நவம்பரில் தொடங்கியது. ஆகவே 1882–83 என்றே எழுதுங்கள்.

இரண்டு நூல்கள் ஒரே தகவலைச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். பின்னது முன்னதைப் பார்த்து எழுதியதா என்று பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம், தாளோடு அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் போய் வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது 'உம்மாள்' என்ற ளகரத்திலேயே ராத்தா சிரித்துவிட்டாள்.