பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளோட புது ரெப்ளிகா: வாங்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

அமெரிக்காவுல கவ்பாய் ஷூட்டிங் (பழைய காலத்து துப்பாக்கிகளால சுடுற போட்டி) பண்றவங்க கையில இப்ப இருக்குற 1873 வின்செஸ்டர், அதாவது கீழ இருக்குற லீவரை இறக்கி ஏத்தி அடுத்த தோட்டாவை உள்ள தள்ளுற ரைஃபிள், பெரும்பாலும் ஒரிஜினல் கிடையாது, இத்தாலில உபெர்டி கம்பெனி செஞ்சதோ ஜப்பான்ல மிரோகு கம்பெனி செஞ்சதோதான் இருக்கும்.

முதல்ல காலிபர், அதாவது எந்த அளவு தோட்டான்னு முடிவு பண்ணுங்க. ஒரிஜினல் 1873 வந்தது 44-40ல. ரெப்ளிகால 357 மேக்னம், 45 கோல்ட் ரெண்டும் கிடைக்குது. நான் சொன்னா 357தான், ஏன்னா அதுலயே 38 ஸ்பெஷலும் போடலாம், செலவும் உதையும் கம்மி. ஆனா 1873ல போல்ட்டை (சுடும்போது தோட்டாவுக்குப் பின்னாடி அடைச்சு நிக்குற பாகம்) தாங்குறது டாகிள் லிங்க்ங்குற மடங்குற இணைப்பு, அது அவ்வளவு ஸ்ட்ராங் இல்ல, ஹாட் லோடு (வழக்கத்தை விட அதிக அழுத்தம் தர்ற தோட்டா) போடவே போடாதீங்க. பவர்தான் வேணும்னா பிரௌனிங் டிசைன் பண்ண 1892 மாடலுக்கு போயிடுங்க, ரோஸி, கியாப்பா ரெண்டு கம்பெனியும் பண்றாங்க.

கடையில கையில எடுத்ததும் சேம்பர் (சுடுறதுக்கு தோட்டா உக்காருற இடம்) காலியான்னு கண்ணால பாத்துட்டு, முனையை ஆள் இல்லாத பக்கம் வெச்சு, லீவரை மெதுவா முழுசா இறக்கி ஏத்துங்க, நடுவுல எங்கயாவது பிடிச்சா வேற பீஸ் கேளுங்க. 1873ல லீவரை முழுசா அழுத்தி மூடினாதான் ட்ரிக்கர் வேலை செய்யும், அந்த சேஃப்டியையும் கண்டிப்பா செக் பண்ணுங்க. கட்டையும் இரும்பும் சேர்ற இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க, இடைவெளி தட்டுப்படக் கூடாது.

டியூப் மேகசின்ல (பேரலுக்கு கீழ தோட்டாக்களை வரிசையா வைக்குற குழாய்) ஒரு தோட்டாவோட மூக்கு முன்னாடி இருக்குறதோட ப்ரைமர்லயே (தோட்டாவோட பின்பக்கம், அடிபட்டா தீ பத்த வைக்குற பாகம்) இடிச்சுட்டு நிக்கும், அதனால தட்டை மூக்கு புல்லட் மட்டும்தான், கூர் மூக்கு போட்டா உள்ளயே வெடிச்சுடும் ஆபத்து இருக்கு.