'சரியான சூடு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

திருகோணமலையில் நாங்கள் 'சரியான வெயில்', 'சரியான சூடு' என்றுதான் கதைப்போம். 'மிக மிக' என்று பொருள்படும் அந்தச் 'சரியான'வுக்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்ட்ரீம்லி' நன்றாகப் பொருந்தும். கடைக்கோடி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'வெரி'யைவிட ஒரு படி மேல்.

போன கிழமை கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அக்காவின் மகள் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, பக்கத்தில் நின்ற வெளிநாட்டு அம்மாவிடம் சந்தோசமாக 'டூ ஹாட்!' என்றாள். அவர் தூக்கிய வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டார். பிள்ளை சொல்ல வந்தது, 'நல்ல சூடு, குளியுங்கோ' என்று. ஆனால் 'டூ' வந்தாலே அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது, குளிக்க ஏலாது என்ற அர்த்தம் கூடவே வந்துவிடும். இந்த இடத்தில்தான் எங்கட பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று. 'ஐ எக்ஸ்ட்ரீம்லி லைக் இட்' என்று எழுதக் கூடாது. 'ஐ லைக் இட் வெரி மச்' என்பதே சரி. 'பாயிலிங்', 'ஃப்ரீஸிங்' போன்ற சொற்களில் உச்சம் ஏற்கெனவே இருப்பதால், அவற்றுக்கு முன்னால் 'அப்சலூட்லி' போடுங்கள்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கையை நனைத்துப் பார்த்து, கிணற்றுக்குக் கிணறு 'வார்ம்', 'ஹாட்', 'வெரி ஹாட்', 'எக்ஸ்ட்ரீம்லி ஹாட்' என்று சொல்லவையுங்கள்.