செட்டிநாட்டு வீட்டில் ஜப்பானிய ‘N’ கேஜ் ரயில் ஓட்ட

‘N’ கேஜ் என்பது 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறு மாதிரி ரயில். முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், காரைக்குடியில் 230. அடாப்டரில் 100 வோல்ட் மட்டுமே அச்சிட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகாதீர்கள், கருகிவிடும். பின்னை மாற்றித் தரும் பிளக் வோல்டேஜைக் குறைக்காது.

காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 315 மி.மீ. ஆரமுள்ள 45 டிகிரி வளைவு 8, 248 மி.மீ. நேர்த்துண்டு 4, தண்டவாளத்துக்கு மின்சாரம் தர வயரோடு வரும் டெர்மினல் யூனிஜாய்னர் ஒரு ஜோடி வாங்குங்கள். 4 அடிக்கு இரண்டரை அடி பிளைவுட்டில் நீள்வட்டம் அடங்கும்.

வெறும் தரையில் விரிக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பளபளக்கத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். அந்தப் பிசுக்கு தண்டவாளத்தில் ஏறினால் சக்கரம் வழுக்கும். தூசி ஒட்டி மின்சாரம் விட்டுவிட்டு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு தங்கும், அதைத் தொடவே வேண்டாம்.

வண்டி எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் இணைப்பைச் சந்தேகியுங்கள். நகத்தால் தடவினால் மேடு தட்டும். துண்டுகளை இணைக்கும் யூனிஜாய்னர் தகட்டுக்குள் நுழையாமல் தண்டவாளம் அதன்மேல் ஏறியிருக்கும். கழற்றி, சமதளத்தில் வைத்து நேராகத் தள்ளிச் சேருங்கள்.

கிரீன்மேக்ஸ் நிறுவனத்தின் ரயில் பெட்டி கிட் கட்டுபவர்கள் ஒட்டுமுன் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியைக் கடைசியில் பொருத்துங்கள். காயவைக்க முற்றத்து வெயில் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும்.